யாரு? நான்தான்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு லேப்டாப் திரையில் கொட்டை எழுத்தில் எச்சரிக்கை வந்து நின்றபோது, அவள் கையில் பாதி உரித்த வெங்காயம் இருந்தது. அதைக் கீழே வைத்தாள். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். எழுத்து மாறவில்லை. நீ பேசப் போகிற மெஷின் போன வாரம் நீ பேசிய மெஷின் மாதிரி இல்லை, பார்த்து நடந்துகொள் என்று சொல்லிவிட்டு, உள்ளே விடமாட்டேன் என்று அடம்பிடித்து நின்றது.

"போச்சு" என்றாள்.

"என்னடி போச்சு, பால் பொங்கிடுச்சா?" அடுப்பங்கரையிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"பால் இல்ல அண்ணி. வேலை போச்சு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊர் ஊராக இருக்கும் எட்டு ஸ்கேன் சென்டர்களின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. கவனிப்பது என்றால் நேரில் போய் இல்லை. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், உப்பு டப்பாவுக்கும் மாத்திரைப் பெட்டிக்கும் நடுவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தூரத்து மெஷினுக்குள் நுழைந்து, இடம் அடைத்துக் கிடக்கும் பழசைப் பெருக்கித் தள்ளிவிட்டு வர வேண்டும். வீட்டைப் பெருக்குகிற அதே வேலைதான், விளக்குமாறு மட்டும் இல்லை. மாதா மாதம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். மாதக் கடைசி வந்தால் மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரர் ஏழு மாதமாகப் படுக்கையில். முதுகுத் தண்டில் ஏதோ எலும்பு நகர்ந்துவிட்டது. நகர்ந்த எலும்பு நகர்ந்ததுதான், திரும்பி வர அதற்கு மனசில்லை. அவர் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியை இப்போது வேறு ஒருவர் ஓட்டுகிறார். ஆக, இந்த மேஜையில் நடக்கிற வேலைதான் வீட்டுக்கு மொத்தமும்.

கம்பெனியில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'ஒருநிமிஷம்.' எதற்கெடுத்தாலும் "ஒரு நிமிஷம் சார், பாத்துட்டு சொல்றேன்" என்பாள். மற்றவர்கள் யாரும் பார்ப்பதில்லை. இந்த எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்று அலுவலக குரூப்பில் யாரோ எப்போதோ போட்ட குறிப்பு இருக்கிறது: பழைய வரியை அழி, திரும்ப நுழை, 'எஸ்' போடு. அரை நிமிஷ வேலை. எச்சரிக்கையை முழுதாகப் படித்தவர்கள் கம்பெனியிலேயே இரண்டு பேர் இருந்தால் அதிகம். அதில் ஒருத்தி இவள்.

விஷயம் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. இங்கிருந்து அங்கே போகிற பேச்சை நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, பூட்டுப் போட்ட பாதை அது. ஆனால் பாதைக்கு அந்தக் கடைசியில் உட்கார்ந்திருப்பது யார்? கதவைத் தட்டுகிறவனை "யாரு?" என்று கேட்டால் உலகத்தில் எல்லோரும் சொல்வது "நான்தான்". திருடனும் அதையேதான் சொல்வான். அதனால் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கைரேகை வைத்திருக்கிறார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான கிறுக்கல். முதல் தடவை போகும்போது அந்தக் கைரேகையைச் சரிபார்த்து ஆமாம் என்று சொல்லிவிட்டால், நம் லேப்டாப் அதை ஒரு வரியாக எழுதி ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை வேறு கைரேகை வந்தால் கத்தும். கத்தினால், அந்த மெஷின் பக்கத்தில் இருக்கிற ஆளுக்குப் போன் போட்டு, கைரேகையைப் படிக்கச் சொல்லி, திரையில் இருப்பதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். யாரும் செய்வதில்லை.

இவள் போன மாதம் செய்தாள். ஒத்துப் பார்த்து முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது. கடைசியில் பார்த்தால், அந்த சென்டரில் மெஷினை மொத்தமாகத் துடைத்துப் புதிதாக ஏற்றியிருக்கிறார்கள், வேறு ஒன்றுமில்லை. மேனேஜர் அன்றைக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மேடம், இன்னொரு தடவை இந்த மாதிரி லேட் ஆச்சுன்னா, நான் வேற ஆள் பாத்துக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

கேட்காமல் விட்டதற்கு வேலை போன அனுபவமும் அவளுக்கு இருந்தது. இதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஒரு கூரியர் ஆபீசில் இருந்தாள். ஒருநாள் மத்தியானம், பசி நேரம், வரிசையில் பத்துப் பேர். ஒரு ஆள் வந்து பார்சலுக்குரிய பெயரைச் சொல்லி "நான்தான்" என்றான். அடையாள அட்டை கேட்காமல் கவரைக் கொடுத்துவிட்டாள். நாலு மணிக்கு நிஜமான ஆள் வந்தது. சின்னப் பெண். கவருக்குள் இருந்தது அவளுடைய படிப்புச் சான்றிதழ் மொத்தமும். அந்தப் பெண் அழவில்லை, சத்தம் போடவில்லை. மூடுகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தது. ஒரு வாரத்தில் இவளை அனுப்பிவிட்டார்கள். அனுப்பியது நியாயம்தான் என்று இவளும் நினைத்தாள்.

கேட்காததால் ஒரு வேலை போனது. கேட்டதால் இன்னொன்று போகப் போகிறது. இப்படி ஒரு தலையெழுத்து.

போன் அடித்தது. மேனேஜர்.

"மேடம், ஆர் மெஷின் என்னாச்சு? நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒரு ரிப்போர்ட்டும் போகல. சென்டர் ஓனர் என் உயிரை எடுக்கிறாரு. பத்தரைக்குள்ள முடிச்சிடுவீங்கல்ல?"

ஆர் மெஷின் என்றால் ரிப்போர்ட் மெஷின். அதன் நெற்றியில் ஆங்கில 'ஆர்' எழுத்தை ஒட்டியிருக்கிறார்கள். டாக்டர்களுக்கு அனுப்பிய ரிப்போர்ட்டின் நகல்கள் அதில் சேரும். வெள்ளிக்கிழமை தோறும் பழைய நகல்களை அவள் அழித்து இடம் பண்ணுவாள். இந்த வாரம் ஒருநாள் முன்னாடியே நிரம்பி, தொண்டை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

"சார், கைரேகை மாறியிருக்குன்னு வருது. ஒரு நிமிஷம், பாத்துட்டு..."

"மறுபடியுமா! மேடம், நேத்து அங்க ஒயர்காரர் வந்து நெட்டுக்குப் புது டப்பா மாட்டிட்டுப் போனாரு. அதனாலதான் இருக்கும். எஸ் போட்டுட்டு உள்ள போங்க."

"அதனாலதான் இருக்கும். இல்லேன்னா?"

"இல்லேன்னா ஒண்ணும் இல்ல. பத்தரை. நான் ஏற்கெனவே சொல்லியிருக்கேன், ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன. ராத்திரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஆர் மெஷின் இருக்கிற சென்டரில் சாவிக்காரர் என்று ஒருவர் இருந்தார். வாசல் திறப்பதிலிருந்து பல்பு மாட்டுவது வரைக்கும் அவர்தான். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி, நடந்தால் மாடு வருகிற மாதிரி சத்தம் வரும். போன மாதத்துக் கூத்துக்குப் பிறகு, எல்லா மெஷினிலும் 'கைரேகை' என்று ஒரு படம் வைத்திருந்தாள் இவள். அதை அமுக்கினால் எழுத்தெல்லாம் பெரிதாக வரும். படிக்க மட்டும் ஒரு ஆள் வேண்டும்.

"அண்ணே, நான்தான். ஒரு உதவி. ஆரு மெஷின்கிட்ட போய் அந்தக் கைரேகைப் படத்த அமுக்குறீங்களா?"

"ஆரு மெஷினா? சரி தங்கச்சி, இரு." சாவிக்கொத்து குலுங்கியது. ஒரு கதவு திறந்தது. "ம், வந்துடுச்சு. எம்மாடி, எவ்வளோ நீளம்! இத முழுசா படிக்கணுமா? முன்னால நாலு, பின்னால நாலு போதாதா?"

"போதாது அண்ணே. முழுசும்."

"சரி. பெரிய கியூ. சின்ன டி. ஒம்போது. பெரிய ஹெச்."

"ம்."

"எம் இல்ல தங்கச்சி. ஹெச்."

"நான் எம் சொல்லல அண்ணே, ம் கொட்டினேன்."

"ம் கொட்டாத. எனக்குக் குழப்புது. சின்ன எல். ஓ."

"ஓவா, சைபரா?"

"வட்டமா இருக்கு."

"ரெண்டும் வட்டம்தான் அண்ணே. ஒல்லியா, குண்டா?"

"நம்ம வீட்டுக்காரி மாதிரி."

"அவங்கள நான் பாத்ததில்லையே!"

"குண்டு. ஓ தான். அடுத்தது ஆரு."

"நம்பரா எழுத்தா?"

"எழுத்து."

நாத்தனார் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட வெங்காயத்தை உரித்தாள். "காலங்காத்தால கைரேகை ஜோசியமா? எனக்கும் பாத்துச் சொல்லு. இந்த வீட்ல இன்னும் எத்தன வருஷம் வெங்காயம் உரிக்கணும்னு."

"அண்ணி, ரெண்டே நிமிஷம் வாய மூடுங்களேன்."

"வேலை போனாலும் திமிரு போகல பாரு."

உள் அறையிலிருந்து வீட்டுக்காரரின் போன் அடித்தது. இவள் லைன் பிசியாக இருந்ததால் மேனேஜர் அதற்குப் போட்டிருக்கிறார். அவர் படுத்தபடியே எடுத்து, "அக்கா, இத அவகிட்ட குடு" என்று நீட்டினார். நாத்தனார் வாங்கிக்கொண்டு வந்து, ஒலிபெருக்கியைப் போட்டு உப்பு டப்பாவில் சாய்த்துவைத்தாள். ஒரு காதில் சாவிக்காரர், எதிரில் மேனேஜர். அவள் பென்சில் முனையால் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனாள். முப்பது. முப்பத்தைந்து. நாற்பது. கண் எரிந்தது, வெங்காயமா வேறா தெரியவில்லை.

"கடைசி, பெரிய டபிள்யூ. முடிஞ்சது தங்கச்சி."

எல்லாம் ஒத்திருந்தது. ஒரு புள்ளி பிசகவில்லை.

"சரியா இருக்கு சார்" என்றாள் உப்பு டப்பாவைப் பார்த்து.

"சரியாதான் இருக்கும். நான் சொன்னேன்ல? மணி பத்து இருபத்தஞ்சு. எஸ் போடுங்க, க்ளீன் பண்ணுங்க."

பழைய வரியை அழித்தாள். திரும்ப நுழைந்தாள். புதுக் கைரேகையைக் காட்டி, தொடரலாமா என்று கேட்டது திரை. 'எஸ்' என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்தையும் அடித்தாள். தட்ட வேண்டியது ஒரே ஒரு பொத்தான். அவளுக்கு சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. வேலை தப்பித்தது, போய்ச் சமைக்கலாம் என்றுதான் இருந்தது.

"தங்கச்சி, அப்ப நான் வச்சிடட்டா?" என்றார் சாவிக்காரர் குரலைத் தாழ்த்தி. "இங்க ஒரு அம்மா எக்ஸ்ரேவுக்குக் கால நீட்டிப் படுத்திருக்கு. நான் நிக்கிறதப் பாத்து கூச்சப்படுது."

அவள் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

ஆர் மெஷின் இருந்தது மாடிப்படிக்கு அடியில், பூட்டிய ஒரு பொந்தில். போன வருஷம் ஒருதரம் நேரில் போய்ப் பார்த்திருக்கிறாள். உள்ளே குனிந்துதான் போக வேண்டும். ஒரு ஸ்டூல்கூடப் போட முடியாது. கால் நீட்டிப் படுக்க அங்கே எலிக்குத்தான் இடம் உண்டு.

"அண்ணே, ஒரு நிமிஷம். மாடிப்படிக்கு அடியில யாரு படுத்திருக்காங்க?"

"மாடிப்படியா? நான் ஏன் அங்க போறேன்? எக்ஸ்ரே ரூம்ல இல்ல நிக்கிறேன். ஆறாவது மெஷின். நீதானே ஆறுன்ன?"

அந்த சென்டரில் மெஷின்களுக்கு நம்பர் இருந்தது. ஒன்று, இரண்டு என்று ஏழு வரைக்கும். ரிப்போர்ட் மெஷினுக்கு மட்டும் நம்பர் கிடையாது, எழுத்து. ஆர். இத்தனை நாளாக எல்லோரும் அதை 'ஆரு மெஷின்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஆறாவது மெஷினையும் 'ஆறு மெஷின்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கைரேகைக்குள் வந்த ஆருக்கு நம்பரா எழுத்தா என்று கேட்டவள், மெஷினுக்குக் கேட்கவில்லை.

"மேடம்?" என்றது உப்பு டப்பா. "உள்ள போயிட்டீங்களா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"இது ஆர் மெஷின் இல்ல."

"கைரேகை ஒத்துப்போச்சுன்னு இப்பதானே சொன்னீங்க!"

"ஒத்துப்போச்சு சார். அவரு ஆறாவது மெஷின் கைரேகையப் படிச்சாரு. என் திரையிலயும் ஆறாவது மெஷின் கைரேகைதான் இருக்கு. ஒத்துப்போகாம என்ன செய்யும்?"

மேனேஜருக்குப் புரியவில்லை. புரியாதபோது அவர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். "எனக்குத் தெரியாது. பத்தரை ஆச்சு. முடிக்க முடியலேன்னா சொல்லிடுங்க, இப்பவே வேற ஆள உக்கார வைக்கிறேன். நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்."

உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. வீட்டுக்காரர் எழுந்து உட்காரப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நாத்தனார் வெங்காயக் கையோடு அப்படியே நின்றாள்.

இவள் அடித்த மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாக அழித்தாள். இல்லை என்று பதில் போட்டாள். தொடர்பு அறுந்தது.

"உக்கார வைங்க சார். ஆனா அவர்கிட்டயும் சொல்லிடுங்க, இங்க எஸ் போடக் கூடாதுன்னு" என்று சொல்லிவிட்டு, அந்தப் போனைக் கவிழ்த்துவைத்தாள்.

"அண்ணே, நேத்து ஒயர்காரர் வந்தாரே, உங்ககிட்ட ஏதாச்சும் கேட்டாரா?"

"கேட்டாரே. ஒவ்வொரு மெஷினுக்கும் வீட்டு நம்பர் மாதிரி ஏதோ ஒரு நம்பர் குடுக்கணுமாம். பழைய நம்பர்ல ஒண்ணே ஒண்ணு மட்டும் மாறாம இருக்கணும்னு ஆபீஸ்ல சொன்னாங்களாம், அது எந்த மெஷினுக்குன்னு, நான் வெளிய போயிருந்தப்ப போன்ல கேட்டாரு. நான்தான் சொன்னேன். ஆருக்கு..." அவர் நிறுத்தினார். சாவிக்கொத்தும் நின்றது. "ஐயோ தங்கச்சி."

"விடுங்க அண்ணே. எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கோம். இப்ப மாடிப்படிக்குக் கீழ போங்க. கதவத் தொறந்து, நெத்தியில எழுத்து இருக்கான்னு பாருங்க. எழுத்து."

அவர் போனார். பூட்டுத் திறந்தது. எங்கேயோ இடித்துக்கொண்டு "அம்மா" என்றார். பிறகு நாற்பத்து மூன்று எழுத்தையும் மறுபடி படித்தார். இந்தத் தடவை பெரிதா சின்னதா என்று அவரே சொன்னார், நம்பரா எழுத்தா என்று அவரே சொன்னார், குரலில் தமாஷ் இல்லை. லேப்டாப்பில் பழைய வரியை அழித்துவிட்டிருந்தாலும், அவளுடைய நோட்டில் பேனாவால் எழுதிய நகல் இருந்தது. பால் கணக்குக்கு அடுத்த பக்கத்தில். அதில் பார்த்தாள். போன வாரம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஆர் மெஷின் மாறவே இல்லை. அதன் விலாசத்தைத்தான் வேறொருவன் கதவில் மாட்டியிருக்கிறார்கள். அவ்வளவும் அதுதான்.

ஒயர்காரர் அதற்குக் கொடுத்த புது விலாசத்தை அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டாள். அதில் தட்டினாள். கைரேகையைக் காட்டியது. நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தாள். எஸ் போட்டாள். பழைய நகல்களை அழித்தாள். அடைத்துக்கொண்டிருந்த ரிப்போர்ட் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. மணி பத்து ஐம்பத்தெட்டு.

கவிழ்த்த போனை நிமிர்த்தி, அவளே மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"ரிப்போர்ட் போகுது சார்."

"அரை மணி நேரம் லேட்."

"ஆமா சார். ஆறாவது மெஷினுக்குள்ள போய் நான் பழசையெல்லாம் அழிச்சிருந்தா சரியான நேரத்துக்கு முடிஞ்சிருக்கும். அதுல இருக்கிறது நகல் இல்ல, எக்ஸ்ரே படம். நாலு வருஷத்துப் படம். போன மாசத்துக்கு முன்னாடி எலும்பு முறிஞ்ச எல்லாரோடதும் போயிருக்கும்."



"அதுக்கு... அதுக்கு வேற எங்கயும் நகல் இல்லையா?"

"நகல் எடுத்து வைக்கணும்னு மூணு தடவ எழுதியிருக்கேன். பாக்கலாம்னு மூணு தடவ பதில் போட்டிருக்கீங்க."

இருமினார். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

"சரி மேடம். ஒண்ணு பண்ணுங்க. எட்டு சென்டர்லயும் எல்லா மெஷின் கைரேகையும் கேட்டு எழுதி, சாயங்காலத்துக்குள்ள எனக்கு அனுப்பிடுங்க. இனிமே குழப்பம் வேணாம்."

எட்டு சென்டர். ஒவ்வொன்றிலும் ஆறு, ஏழு மெஷின். ஒவ்வொன்றுக்கும் நாற்பத்து மூன்று எழுத்து. மனசுக்குள் பெருக்கிப் பார்க்கத் தொடங்கி, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

"எழுதறேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு. எனக்கு வேலை இருக்கா இல்லையா?"

"யாரு இல்லேன்னா?"

"நீங்கதான். அரை மணி நேரத்துக்கு முன்னாடி. எங்க வீட்டு உப்பு டப்பாகூடக் கேட்டுச்சு."

"அது ஏதோ டென்ஷன்ல... இருக்கு மேடம், இருக்கு. சாயங்காலம் அனுப்பிடுங்க."

போன் வைத்தாயிற்று. உள்ளேயிருந்து, "என்ன சொன்னான்?" என்றார் வீட்டுக்காரர். எழுந்து உட்கார முடியாமல் பாதியில் சாய்ந்து, தலையணையை இடுப்புக்குக் கொடுத்திருந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"வேலை இருக்காம்."

"நல்லதாச்சு."

"நல்லதுதான். ஐம்பது மடங்கா இருக்கு" என்று அவரைப் பிடித்து மெதுவாகப் படுக்கவைத்தாள். "நீங்க எதுக்கு எந்திரிச்சீங்க? அவன அடிக்கவா?"

"கேக்க யாருமில்லேன்னு நினைச்சிடக் கூடாதுல்ல."

"கேக்கத்தான் நான் இருக்கேனே. கேட்டுக் கேட்டுதான் இப்படி ஆகிக் கிடக்கேன்."

நாத்தனார் ஒரு தம்ளர் பாலைக் கொண்டுவந்து வைத்தாள். "குடி. மத்தியானச் சமையல் நான் பாத்துக்கிறேன். இதுக்கு மேல உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே அழுகையா வருது."

"வெங்காயம் அண்ணி."

"ஆமா, வெங்காயம்தான். பின்ன உனக்காகவா அழுவேன்?"

பாலைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, ஸ்கேலை வைத்துக் கோடு போட்டாள். முதல் கட்டத்தில் சென்டர், இரண்டாவதில் மெஷின். மூன்றாவதாகக் கைரேகை என்று எழுதப் போனவள் நிறுத்தி, 'எந்த ரூம், பக்கத்தில் என்ன' என்று ஒரு கட்டம் போட்டாள். அடுத்த சென்டருக்குப் போன் போட்டாள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எடுத்தது. விஷயத்தைச் சொல்லி, மெஷின்கிட்ட போய் நிற்கச் சொன்னாள்.

"வந்துட்டேன் மேடம். படிக்கட்டுமா?"

"இரு, இரு. எந்த ரூம்ல நிக்கிற? பக்கத்துல என்ன தெரியுது?"

"பக்கத்துலயா?" அந்தப் பெண் சுற்றிப் பார்க்கிற மாதிரி சத்தம் வந்தது. "ஃபைல் ரூம் மேடம். ஒரு சன்னல். ஒரு உடைஞ்ச நாற்காலி. ஒரு செத்த பல்லி."

அவள் மூன்றாவது கட்டத்தில், பல்லி உட்பட எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

"சரிம்மா. அந்தப் பல்லியத் தள்ளிட்டு, மெதுவாப் படி."